மல்பா தானாக எழுந்து போவதில்லை

தில்லியில் வீட்டைப் பழுதுபார்க்க முனையும் எவரும் முதல் நாளிலேயே கேட்டுவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘மல்பா உட் ஜாயேகா.’ உடைந்த செங்கல், பெயர்ந்த காரை, நொறுங்கிய தரையோடு, சிமெண்டுத் தூள் ஆகிய அனைத்துக்கும் அந்நகரம் வைத்திருக்கும் ஒரே பெயர் மல்பா. தமிழில் இடிபாடு எனலாம். ‘உட்னா’ என்றால் எழுந்திருத்தல். ‘உட்டானா’ என்றால் எடுத்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒப்பந்தக்காரர்கள் பின்னதைச் சொல்வது அரிது. ‘எடுத்துப் போவோம்’ என்றால் யார், எங்கே என்ற கேள்விகள் பின்தொடரும். ‘எழுந்து போய்விடும்’ என்றால் எந்தக் கேள்வியும் வராது. இடிபாடு விடியற்காலையில் தானாகவே விழித்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்விடும் என்பது போன்றதொரு நிம்மதி அவ்வாக்கியத்தில் இருக்கிறது.

மயூர் விஹாரில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஒருவர் 2025 பிப்ரவரியில் அவ்வாக்கியத்தைக் கேட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். மத்திய அரசுச் செயலகத்தில் கோப்புகளோடும் அரசிதழ் அறிவிக்கைகளின் மெய்ப்புகளோடும் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். ஓர் அறிவிக்கையில் காற்புள்ளி இடம் மாறினால் பொறுப்பும் இடம் மாறும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். முந்தைய நவம்பரில் அவருடைய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பழைய வழவழப்பான தரையைப் பெயர்த்தெடுத்து வழுக்காத ஓடு பதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் குளிர்காலம் தில்லியில் நச்சுப்புகைக் காலமும்கூட. காற்றின் தரம் மிக மோசமான நிலைக்குச் சரிந்தால், படிநிலை நடவடிக்கைத் திட்டத்தின்கீழ் இடிப்பு வேலைகள் நிறுத்தப்படும். தரையோடு வெட்டிப் பதிப்பதும் அத்தடைப் பட்டியலில் உண்டு. தடை வருவதும் விலகுவதுமாக இருந்த மூன்று மாதங்களும் அந்த அம்மையார் ஒரு கையால் சுவரைப் பற்றியபடியே குளியலறைக்குப் போய்வந்தார்.

தடைகள் தளர்ந்ததும் ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்தார். ஓடு, சிமெண்டு, மணல், கூலி என்று வரிசையாக எழுதியிருந்த தாளின் கடைசி வரி, ‘மல்பா: 2,500’. பெரியவர் அவ்வரியில் விரலை வைத்து, “இது எங்கே போகும்?” என்று கேட்டார். “பாபுஜி, அந்தக் கவலை உங்களுக்கு எதற்கு? எழுந்து போய்விடும்” என்றார் ஒப்பந்தக்காரர். “எங்கே என்றுதானே கேட்டேன்?” என்று பெரியவர் மறுபடியும் கேட்டார். “வண்டிக்காரனைத்தான் கேட்க வேண்டும்” என்பதே கிடைத்த விடை.

அக்கேள்வி அவருக்கு வெறும் ஒழுங்குப் பற்றினால் எழுந்ததன்று. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டியது. தில்லியில் அதுவரை பதிவான மட்டங்கள் அனைத்திலும் அதுவே உயர்ந்தது. வெள்ளச் சமவெளியில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்கள் மயூர் விஹார் மேம்பாலத்தின் ஓரமாகத் தார்ப்பாய் கட்டித் தங்கின. பெரியவரும் மனைவியும் சில நாள்கள் அங்கே உணவுப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுத்தனர். நீர் வடிந்தபின் மாலை நடையின்போது அவர் சமவெளியின் விளிம்பைக் கவனித்தார். சேற்றுக்கு மேலே உடைந்த கைகழுவும் தொட்டிகள், கழிவறைப் பீங்கான்கள், நீலப் பூப்போட்ட தரையோடுகள். ஆறு கொண்டுவந்தவை அல்ல அவை; ஆற்றுக்கென்று மனிதர் கொண்டுவந்தவை. அவற்றுள் ஒன்றில் இருந்த பூ, தம் வீட்டுக் குளியலறைத் தரையின் பூவை ஒத்திருந்ததை அவர் மறக்கவில்லை. வெள்ளத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு வண்டி இடிபாட்டால் ஆறு பெருகிவிடுவதில்லை. எனினும் வெள்ளநீர் பரவி இறங்குவதற்கென்று ஆறு தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் இடத்தை, வண்டி வண்டியாக யாரோ நிரப்பிக்கொண்டே இருக்கின்றனர். அந்த ‘யாரோ’வில் தாமும் ஒருவராக இருத்தலாகாது என்று அவர் எண்ணினார்.

இந்தியச் சட்டமும் நெடுங்காலம் ஒப்பந்தக்காரரின் இலக்கணத்திலேயே பேசிவந்தது. 1992இல் இயற்றப்பட்ட 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்து, திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளுக்குரிய பணிகளுள் ஒன்றாக வைத்தது. 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000ஆம் ஆண்டில் பிறந்தன. ஊர்க்குப்பையைப் பற்றி விரிவாகப் பேசிய அவ்விதிகள் இடிபாட்டைத் தோட்டக் கழிவோடு சேர்த்து ஒரு வாக்கியத்தில் அடக்கின: அவை தனியே சேகரிக்கப்பட்டு உரிய நெறிமுறைப்படி அகற்றப்பட வேண்டும். வாக்கியம் செயப்பாட்டுவினையில் அமைந்தது. நகராட்சி மேற்கொள்ள வேண்டிய பணிகளின் வரிசையில் அது இடம்பெற்றதால் அகற்றும் பொறுப்பு யாருடையது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இடிப்பவர் அவ்வாக்கியத்தினுள் எங்குமே இல்லை. உரிய நெறிமுறை எது என்பதும் அதில் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் தில்லியே ஒரு வழியைத் தேடிக்கொண்டது. 2009இல் புராரியில், இடிபாட்டை நொறுக்கிச் சலித்து மறுபடியும் கட்டுமானப் பொருளாக்கும் ஆலை தொடங்கப்பட்டது. நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 500 டன் கொள்ளும் ஆலை அது. பின்னர் சாஸ்திரி பார்க்கிலும் ஓர் ஆலை எழுந்தது. நடைபாதைக் கற்களும் ஓரக்கற்களும் அங்கே உருவாயின. ஆயினும் கான்கிரீட்டில் கலப்பதற்கு அப்பொருளுக்கு வாசல் திறக்கவில்லை. கான்கிரீட்டுக்குரிய ஜல்லியையும் மணலையும் வரையறுக்கும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 ஆகும். அதன் 1970ஆம் ஆண்டுப் பதிப்பின் தலைப்பிலேயே ‘இயற்கை மூலங்களிலிருந்து பெற்ற’ என்னும் பொருளுடைய தொடர் இருந்தது. மலையை வெட்டி எடுத்த ஜல்லி ஜல்லியாகும். வீட்டை இடித்து எடுத்த ஜல்லி ஜல்லியாகாது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் தலைப்பிலிருந்து அத்தொடர் நீங்கியது. சாதாரண கான்கிரீட்டில் ஜல்லியில் 25 விழுக்காடு வரையிலும், எம்25 தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் இடிபாட்டு ஜல்லியைச் சேர்க்கலாம் என்றாயிற்று. ஒரு தலைப்பிலிருந்து சில சொற்கள் விலகுவதற்குப் புராரி ஆலை ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு, 2016 மார்ச் 29 அன்று, கட்டுமான மற்றும் இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் வெளியாயின. இடிபாட்டுக்கென்றே தனி விதிகள் நாட்டளவில் அப்போதுதான் கிடைத்தன. பத்து நாள்களில், ஏப்ரல் 8 அன்று, புதிய திடக்கழிவு விதிகளும் வந்தன. பழைய வாக்கியத்தில் விடுபட்டிருந்த வினைமுதலை இடிப்புக் கழிவு விதிகள் நிறைவு செய்தன. எந்தக் கட்டுமானத்தை எழுப்பினாலும் இடித்தாலும் அதை மேற்கொள்பவரே கழிவு ‘ஜெனரேட்டர்’, அதாவது கழிவை உருவாக்குபவர். சேகரிப்பதும் தரம் பிரிப்பதும் முதல் நோக்கில் அவருடைய பொறுப்பு. அவர் இடிபாட்டைத் தம் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சி அமைக்கும் சேகரிப்பு மையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். சாலையிலோ வடிகாலிலோ தள்ளக் கூடாது. உரிய கட்டணத்தையும் செலுத்த வேண்டும். மாநில அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கடமைகள் உண்டு. அரசு மற்றும் நகராட்சி ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை இடிபாட்டிலிருந்து உருவான பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

பெரியவர் அவ்விதிகளைத் தேடியெடுத்து இரவில் வாசித்தார். வாசித்த வரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. யார் எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் அவருடைய பென்சில் நின்றது. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவை உருவாக்குபவர், அதனைக் கான்கிரீட், மண், எஃகு மரம் நெகிழி, செங்கல் காரை என்று நான்காகப் பிரித்து, முன்கூட்டியே மேலாண்மைத் திட்டம் அளித்து ஒப்புதல் பெற வேண்டும். அவ்வளவு உருவாக்காதவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் திட்டம் இல்லை, ஒப்புதல் இல்லை. எனவே அவர் இடிக்கிறார் என்பதை அரசு அறிந்துகொள்ள வழியும் இல்லை. பொறுப்பை எல்லோர்மீதும் வைத்த விதி, பார்வையைப் பெரியவர்கள்மீது மட்டுமே வைத்தது.

பெரிய இடிபாட்டுக்குப் பார்வையாளர் குறைவதில்லை. உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவின் இரட்டைக் கோபுரங்கள் சில நொடிகளில் தரைமட்டமானபோது, அந்த 80,000 டன் இடிபாடு எங்கே போகும் என்று நாடே கேட்டது. நாளிதழ்கள் படம் வரைந்து விளக்கின. குளியலறைத் தரை ஒன்றைப் பெயர்த்தால் கிடைப்பது இரண்டு டன்னுக்கும் குறைவு. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆனால் இரட்டைக் கோபுரங்கள் ஒருமுறைதான் இடியும். குளியலறைகள் ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு வாரமும் இடிகின்றன.

அண்டை வீட்டாரிடம் பெரியவர் இதைப் பேசிப் பார்த்தார். “சட்டப்படி நாம்தான் ஜெனரேட்டர்” என்றபோது, கீழ்வீட்டுக்காரர் டீசல் மின்னாக்கியைப் பற்றிப் பேசுகிறார் என்று எண்ணி, “நம்மிடம் இருப்பது இன்வெர்ட்டர் மட்டும்தானே?” என்றார். புகைக்காலத்தில் மின்னாக்கிகளுக்குத் தடை வந்துபோகும் ஊரில் அவ்வாறு எண்ணியதில் பிழையில்லை. சட்டம் தேர்ந்தெடுத்த சொல், அது சுட்டும் மனிதரின் காதில் இயந்திரத்தின் பெயராகவே விழுந்தது.

வண்டிக்காரர் இரவு பதினொன்றரைக்கு வந்தார். பதாயூன் பக்கத்து இளைஞர். டிராக்டரும் டிரெய்லரும் வேறொருவருடையவை. மூட்டைகளை ஏற்றத் தொடங்குமுன் பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். ஓட்டுநர் ஒளிக்காமல் விடை சொன்னார். மழைக்காலத்துக்கு முன்பு என்றால் தாழ்ந்த மனை வாங்கியவர்கள் பள்ளம் நிரப்ப மல்பா கேட்பார்கள். ஏற்றும் இடத்திலும் காசு, இறக்கும் இடத்திலும் காசு. கம்பியையும் பித்தளைக் குழாயையும் கபாடிக்காரர் எடுத்துக்கொள்வார். முழுச் செங்கல்லுக்கும் ஆள் உண்டு. எவருக்கும் வேண்டாத ஓட்டுச் சில்லும் காரையுமே மிஞ்சும். கேட்பார் இல்லாத நாளில் இருட்டான சாலையோரமோ கால்வாய்க் கரையோ ஆற்றுப் பக்கமோதான். “நகராட்சி மையம் இருக்கிறதே?” என்றார் பெரியவர். “இருக்கிறது, பாபுஜி. மாலையில் பூட்டிவிடுவார்கள். நெரிசல் நேரத்தில் பெரிய சாலையில் எங்களை விடமாட்டார்கள். நாங்கள் ஓடும் நேரத்தில் அது திறந்திருக்காது. அது திறந்திருக்கும் நேரத்தில் எங்களால் ஓட முடியாது.”

விதிகளில் எழுதப்படாத பகுதி அங்கே இருந்தது. இடிபாடு பிறக்கும் இடத்தை அவை வரையறுத்திருந்தன. சேர வேண்டிய இடத்தையும் வரையறுத்திருந்தன. இரண்டுக்கும் நடுவே உள்ள சில கிலோமீட்டர் தொலைவை, அதை இரவில் கடக்கும் ஒருவரின் துணிவுக்கும் வறுமைக்கும் விட்டுவைத்திருந்தன. அந்தத் தொலைவின் விலையும் சிறிதன்று. யமுனையில் இடிபாடு கொட்டுவோருக்கு ஐந்து லட்சம் ரூபாய் தண்டம் என்று 2013 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஓய்வுபெற்ற வனப்பணி அதிகாரி மனோஜ் மிஸ்ரா தொடுத்த வழக்கில் 2015 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் அது 50,000 ரூபாயாக வகுக்கப்பட்டது. ஆற்றைக் காக்க அத்தீர்ப்பு இன்றியமையாதது. அவ்வழக்கு இல்லையேல் சமவெளியில் எஞ்சியிருப்பதும் எஞ்சியிராது. ஆனால் தண்டம் விழுவது கொட்டும் கணத்தில். அக்கணத்தில் அவ்விடத்தில் நிற்பவர், இடித்தவர் அல்லர், சுமந்து வந்தவர்.

பெரியவர் அன்றிரவு மூட்டைகளை ஏற்றவிடவில்லை. மறுநாள் நண்பகலில் வருமாறு ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டார். ஒரு பகல் போவதற்கு ஈடாகக் கூடுதலாக 1,500 ரூபாய் தருவதாகவும் சொன்னார். “பைத்தியக்காரத்தனம்” என்றார் ஒப்பந்தக்காரர். “உங்களுக்கு வேறு வேலை இல்லைங்க” என்றார் மனைவி. ஆயினும் இருவருக்கும் தண்ணீர்ப் புட்டி நிரப்பிக் கொடுத்தனுப்பினார். டிராக்டர் முன்னே செல்ல, பெரியவர் ஆட்டோவில் பின்தொடர்ந்தார். மையத்தில் வண்டிகள் அதிகம் இல்லை. எடைமேடையில் ஏறி இறங்கியதும் எழுத்தர் சீட்டு எழுதினார். தேதி, வண்டி எண், எடை, அதற்கடுத்து ‘ஜெனரேட்டர்’ என்றொரு கட்டம். எழுத்தர் நிமிராமலே ஓட்டுநரிடம் பெயர் கேட்டு அதில் எழுதினார்.

“அவர் அல்லர். ஜெனரேட்டர் நான்” என்றார் பெரியவர்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். இடிபாடு தம்முடையது என்று உரிமை கோரி வந்த ஒருவரை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். “எழுதியாகிவிட்டது, அங்கிள்ஜி. இதில் என்ன வித்தியாசம்?” என்றார். பெரியவர் வித்தியாசத்தை விளக்கவில்லை. அடித்துத் திருத்துமாறும், திருத்தத்தின் அருகே சுருக்கொப்பம் இடுமாறும் வேண்டினார். அலுப்போடும் ஒருவகை மரியாதையோடும் எழுத்தர் அவ்வாறே செய்தார். திரும்பும் வழியில் தேநீர் குடிக்கும்போது ஓட்டுநர் அச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் அது நல்ல குடிமகன் ஒருவரைப் பற்றிய கதையாகியிருக்கும். மூன்று வாரங்களுக்குப்பின் ஓர் அதிகாலையில் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். முந்தைய இரவு கால்வாய்க் கரையில் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். ஏற்றியிருந்தது அதே பகுதியில், பின் தெருவில் ஒரு வீட்டின் இரண்டு தளங்களைப் புதுப்பித்தபோது பெயர்த்த இடிபாடு. விதித்த தண்டம் அவருடைய பல மாத வருவாய். “பாபுஜி, நீங்கள் வந்து அந்தச் சீட்டைக் காட்டுவீர்களா? ஒருமுறையாவது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் என்று தெரிந்தால் விடுவார்கள் இல்லையா?” என்று கேட்டார்.

பெரியவர் கோப்போடு சென்றார். சீட்டைப் பார்த்த அதிகாரி கனிவாகவே பேசினார். இது வேறு நாளின் சுமை, வேறு வீட்டின் சுமை. இதனால் பயனில்லை என்றார். அது சரியே என்பதைப் பெரியவரும் அறிவார். “இன்றைய சுமை யாருடையது என்று எழுதியிருக்கிறீர்களா?” என்று கேட்டார். தண்டச் சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. வண்டி எண், ஓட்டுநர் பெயர், இடம், நேரம், தொகை. ஓட்டுநரிடம் அந்த வீட்டு முகவரி கேட்கப்பட்டதா? கேட்கப்படவில்லை, அவர் தாமாகச் சொல்லவுமில்லை. சொன்னால் அத்தெருவில் மறுபடியும் எவரும் அவரை அழைக்கமாட்டார்கள். வண்டி பத்தொன்பது நாள் முடங்கிக் கிடந்தது. உரிமையாளர் தண்டம் கட்டி மீட்டார். தொகையை மாதந்தோறும் ஓட்டுநரின் கூலியில் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. பின் தெரு வீட்டில் அப்போது புதிய தரை பதித்து முடிந்து, பால் காய்ச்சும் விழாவும் நடந்தேறியிருந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய அரசு இடிப்புக் கழிவுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு என்னும் கோட்பாடு இடிபாட்டுக்கும் வந்துசேர்ந்தது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புடைய திட்டங்கள் பதிவு செய்ய வேண்டும். தாம் உருவாக்கும் கழிவில் குறித்த பங்கு மறுசுழற்சிக்குப் போவதை உறுதி செய்ய வேண்டும். வரவேற்கத் தக்க மாற்றமே. பெரிய நிறுவனங்களின் கணக்கு இனி ஓரளவேனும் இணையதளத்தில் பதிவாகும். பெரியவர் அதையும் வாசித்தார். 20,000 என்ற எண்ணைக் கண்டதும் பென்சில் மறுபடியும் நின்றது. அவருடைய வீடு 80 சதுர மீட்டருக்கும் குறைவு. பின் தெரு வீடு அதைவிடச் சற்றுப் பெரிது. சட்டத்தின் கண் முன்பைவிடக் கூர்மையாகியிருந்தது. பார்க்கும் திசை மாறவில்லை.

அன்று மாலை அவர் மாநகராட்சிக்கு ஒரு கடிதம் வரைந்தார். ஓய்வுக்குப்பின் எழுதிய முதல் அலுவல் வரைவு அது. குறை கூறும் கடிதமன்று. திருத்தங்களை முன்மொழியும் கடிதம். சேகரிப்பு மையங்களுள் சிலவற்றையேனும், இடிபாட்டு வண்டிகள் ஓடும் இரவு நேரத்தில் திறந்துவைக்க வேண்டும். சிறு வேலைகளுக்கும், வீட்டுக்காரர் தொடக்கத்திலேயே ஒரு தொகையைச் செலுத்தி, எடைச் சீட்டைக் காட்டியபின் திரும்பப் பெறும் முறை வேண்டும். ஒவ்வொரு சுமையோடும் எந்த வீட்டிலிருந்து ஏற்றியது என்ற சீட்டு ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். சீட்டின்றி ஏற்றச் சொல்பவரும் தண்டத்துக்கு உரியவராக வேண்டும். தண்டச் சீட்டில் சுமை யாருடையது என்ற கட்டம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான்காவதன் கீழே அவர் கோடிட்டிருந்தார். முதல் மூன்றுக்கும் பணமும் இடமும் ஆளும் தேவைப்படலாம்; நான்காவதற்கு அச்சகத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டால் போதும். கடிதம் பெறப்பட்டதற்கான எண் வந்தது. விடை இன்னும் வரவில்லை.

மயூர் விஹாரிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் காசிப்பூர் குப்பைமேடு தெரியும். 1984இல் தொடங்கிய மேடு அது. 2017 செப்டம்பர் 1 அன்று அதன் ஒரு பகுதி சரிந்து, சாலையில் சென்றவர்களைக் கால்வாய்க்குள் தள்ளியது; இருவர் இறந்தனர். அவ்வளவு பெரிய மேட்டுக்கு உரிமை கோரியவர் ஒருவரும் இல்லை. சிறு சிறு கைகளிலிருந்து சென்றதனாலேயே அது எவருடையதும் ஆகாமற்போனது. இடிபாட்டுக்கும் அதுவே நேர்கிறது. கழிவு மேலாண்மையைப் பற்றிய ஆய்வுகளும் அறிக்கைகளும் ஆலைகளின் கொள்ளளவையே பெரிதும் பேசுகின்றன: எத்தனை டன் உருவாகிறது, எத்தனை டன் நொறுக்கப்படுகிறது. அவை தேவையான கேள்விகள்தாம். எனினும் ஒரு டன் இடிபாடு தன் உரிமையாளரின் பெயரை எந்த இடத்தில் இழக்கிறது என்பது அவற்றுக்கு முந்திய கேள்வி. பெரும்பாலும் அது வீட்டு வாசற்படியில் இழக்கிறது; வண்டி கிளம்பும்போது சுமந்து செல்பவரின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. சட்டம் தந்த வினைமுதலைத் தெரு மறுபடியும் அழித்துவிடுகிறது.

குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் பெரியவர் இதை எடுத்துரைத்தபோது பெரும்பாலோர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஓட்டுநரின் தண்டத்தில் ஒரு பகுதியையேனும் தெருவே ஏற்க வேண்டும் என்ற அவருடைய முன்மொழிவு தோற்றது. இனி இடிபாட்டைப் பகலில் மட்டுமே ஏற்றச் செய்து அதற்குரிய கூடுதல் கூலியை வீட்டுக்காரரே தருவது என்பதற்கு நான்கு வீடுகள் இசைந்தன. கீழ்வீட்டுக்காரர் அந்நால்வருள் ஒருவர். பின் தெரு வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து ஓட்டுநரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, பெரியவரும் கேட்கவில்லை.

இப்போது சங்க அலுவலக அறையில் ஒரு நீளமான கணக்கேடு இருக்கிறது. கோடுகளைப் பெரியவரே அடிக்கோல் வைத்து இழுத்திருக்கிறார். தேதி, எடை, வண்டி எண், மையத்தின் சீட்டு எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள். அவை அனைத்துக்கும் முன்னால், இடது ஓரத்தில், மற்றவற்றைவிட அகலமாக ஒரு பத்தி விடப்பட்டிருக்கிறது. அதன் தலைப்பு: ‘யாருடையது’. இதுவரை ஆறு பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. முதற்பெயர் அவருடையது.